வடிகட்டியில் நிற்காதவை

புலாவ் ஹந்துவுக்குத் தெற்கே இஞ்சினை அணைத்துவிட்டு
ஜைலானி கேட்பது எப்போதும் ஒரே கேள்வி:
உங்கள் ஆய்வகத்தைச் சுற்றியும் இதே தண்ணீர்தானே,
இதற்குப் போய் எதற்கு இத்தனை டீசல்?
சிரித்தபடி கேனை முக்குவேன்.
இருபது லிட்டர். பார்த்தால் ஒன்றுமில்லை.
கொஞ்சம் கலங்கல், ஒரு தெர்மாகோல் துணுக்கு.

அந்தப் பக்கம் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களை
எண்ணிப் பார்த்துச் சலித்துவிட்டேன்.
ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண், ஒரு முத்திரை,
அனுப்புநர், பெறுநர்,
தொலைந்தால் யார் பொறுப்பு என்று ஏழு பக்கம்.
என் தம்பி பாசிர் பாஞ்சாங்கில்
பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் பார்ப்பது
அந்தக் காகிதங்களைத்தான்.
ஓர் எழுத்து மாறினாலும் பெட்டி நகராது.

செயின்ட் ஜான்ஸ் தீவில், குளிரறையில்,
புள்ளி இரண்டு மைக்ரான் வடிகட்டி.
உயிருள்ளவை அநேகமாக மேலேயே நின்றுவிடும்,
இளஞ்சிவப்பாய் ஒரு கறை.
எனக்கு வேண்டியது கீழே இறங்கிய தண்ணீர்.
அதைச் சுண்டவைத்து, சுழற்றி,
கண்ணுக்குத் தெரியாத வண்டலை ஊசியால் உறிஞ்சி
லேசருக்கு அடியில் வைத்தால்
இருட்டில் துள்ளுகின்றன வெண்புள்ளிகள்.
முதல்முறை பார்த்த ஹுய் ஷான்,
“சிக்னல் போன பழைய டிவியா?” என்றாள்.

குமிழ்கள்.
ஏதோ ஒரு நுண்ணுயிர் தன் தோலிலேயே துளி கிள்ளி,
கையில் கிடைத்ததை உள்ளே வைத்து
(கைதான் இல்லையே அதற்கு)
கடலில் விட்டது.
கொஞ்சம் புரதம், ஒரு நொதி,
மரபணுவில் எழுதிய பாதி வாக்கியம்.
விலாசம் இல்லை.
ஒன்று அதைப் பையோடு சேர்த்துத் தின்கிறது.
ஒன்று அந்தப் பாதி வாக்கியத்தைத் தன்னுடையதில்
ஒட்டிப் பார்க்கிறது.
இன்னொன்றின் மேல் ஒரு வைரஸ் வந்து உட்கார்ந்து,
இதுதான் வீடு என்று நம்பி,
தன்னிடம் இருந்ததையெல்லாம் ஊசியாய் ஏற்றிவிட்டு
வெறும் கூடாய் நிற்கிறது.
உள்ளே ஆளில்லை.
அந்தப் படத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன்.

இதை ஒத்துழைப்பு என்று எழுதலாமா?
கூட்டத்தில் முக்கால் மணி நேரம் வாதம்.
வெறும் கசிவு என்றார் ஒருவர். குப்பை என்றார் இன்னொருவர்.
கொடுத்தவருக்கு என்ன லாபம், அதைக் காட்டும் வரைபடம் எங்கே?
நான் பேசவில்லை. டெக்னீஷியன்.
எனக்கு டிசம்பர் நினைவுக்கு வந்தது.

டெங்கி. நாலு நாள் எழுந்திருக்கத் தெம்பில்லை.
ஐந்தாம் நாள் கேட்டில் ஒரு சிவப்புப் பை தொங்கியது:
டப்பாவில் மீன் கஞ்சி, இரண்டு ஹண்ட்ரட் பிளஸ்,
யாரோ ஏற்கெனவே பாதி கிழித்த பனடால் அட்டை.
தேறிய பிறகு பதினோராம் மாடி முழுக்கக் கேட்டேன்.
மிஸஸ் தெங் தலையாட்டி மறுத்தார்.
மூலை வீட்டு மியன்மார்ப் பெண்கள்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
பத்தாம் மாடிக்கு வந்தது தவறி என்னிடம் மாட்டப்பட்டதோ,
அதுவும் தெரியாது.
டப்பாவைக் கழுவினேன்.
வெறுமையாய்த் திருப்ப மனம் வரவில்லை,
திருப்ப ஆளும் இல்லை.
தேக்காவில் வாங்கிய காராசேவைப் போட்டு
கேட்டுக்கு வெளியே மாட்டினேன்.
மூன்று நாள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.
நாலாம் நாள் இல்லை.

சோதனை முடிந்த தண்ணீரில் குளோரின் ஊற்றித்தான்
வடிகாலில் விடவேண்டும் என்பது விதி.
ஊற்றுகிறேன். தேதி போட்டுக் கையெழுத்திடுகிறேன்.

திரும்பும் படகில், ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது
டேங்கர் கிளப்பிய அலை தெறித்து
ஒரு மிடறு உள்ளே போய்விட்டது.
ஜைலானி சிரிக்கிறார்.
இதற்கு யாரும் கையெழுத்து கேட்கவில்லை.