இருபத்து மூன்று புள்ளி இரண்டு

லியெபாயாவில் டிராம் பாதை ஒன்றுதான்.
ஊர் முடியும்வரை ஓட்டுவேன், திரும்பி வருவேன்,
மறுபடி ஓட்டுவேன்.
பதினோரு வருடமாக இதுதான் என் உலகப் பயணம்.

மிச்ச உலகம்
சமையலறையில், ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில்:
சோவியத் காலத்து நுண்ணோக்கி,
பழைய சாமான் சந்தையில் இருபது யூரோ.
குவியத் திருகில் மசகு கெட்டித்துப் போய்
தொட்டால் முனகும்.

டிப்போ கூரைப் பாசியைப் பிழிந்து
ஒரு சொட்டு வைத்தேன். வந்தது:
தலையில் இரண்டு சக்கரம்,
வயிற்றுக்குள் ஓயாத அரவை.
வில்னிஸ், வில்னிஸ், ஓடி வா என்றால்
வில்னிஸ் துறைமுகத்தில் இருக்கிறான், இரவு வேலை.
அவன் வந்தபோது சொட்டு காய்ந்திருந்தது.
எப்படி இருந்தது என்றான்.
இரண்டு கையையும் சுழற்றிக் காட்டினேன்.
கோழி விரட்டுகிறாயா என்றான்.

அதனால்தான் கேமரா.

யானை இருபது யூரோ.
அங்குசம் முந்நூறு என்கிறார்கள்.

மலிவான அங்குசமும் உண்டு.
குழாய்க்குள் செருகுகிற கேமரா, அறுபத்தெட்டு.
டிப்போ வெர்னியரைக் கடன் வாங்கி அளந்தேன்:
இருபத்து மூன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.
கச்சிதம்.
ஆனால் அதன் சில்லு உளுந்துக்கும் சிறிசு;
நான் காணும் வட்டத்தில் நடுத்துண்டை மட்டும் கிள்ளும்,
பூசணியைக் கொடுத்து விதையைத் திரும்ப வாங்குவதுபோல.
குறுக்கும் வில்லை தனி. பதினைந்து.
போதாததற்கு,
என் பொருள்வில்லையின் பிழையைக்
கண்வில்லைதான் திருத்துகிறதாம்,
நாற்பது வருடமாக, ஒரே குழாயில் குடித்தனம்.
பிரித்தால் ஓரமெல்லாம் நீலம் கசியும்.

இங்மார்ஸ் தன் பழைய கேமராவைத் தருகிறேன் என்றான்,
வளையத்தோடு நூற்றுப்பத்து.
ஊர்க் கல்யாணங்கள் எத்தனையோ எடுத்தது.
தூக்கிப் பார்த்தேன். செங்கல்.
என் குழாயின் தலையில் வைத்தால்
குவியம் தானாகவே இறங்கி
கண்ணாடித் தகட்டை நொறுக்கும்.
தவிர, படத்துக்குப் படம் உள்ளே ஒரு கண்ணாடி எகிறும், டக்.
நமக்கு டக்.
சொட்டுக்குள் இருப்பதற்கு நிலநடுக்கம்.

மூன்று இரவு ரசீதின் முதுகில் கூட்டிக் கழித்தேன்.
நவம்பர். வீட்டைச் சூடாக்கும் கட்டணம் வேறு
மேலே மேலே போகிறது.
எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒரே விடை:
போனைக் கவ்வும் பிளாஸ்டிக் பிடி, பதினாலு.

வந்தது. ஆடியது.
கண்வில்லைக்கும் பிடிக்கும் நடுவே
தீக்குச்சி நுழையும் சந்து.
சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினேன்.
போனின் கண்ணை மயிரிழை மயிரிழையாக நகர்த்த
பிறை.
இருட்டு.
மறுபடி பிறை.
சட்டென்று முழுநிலவு,
அதற்குள் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்பது விநாடி எடுத்தேன்.

விடிய நேரமிருந்தது. வில்னிஸ் எழுந்து வந்தான்,
வாரத்தில் அவன் வீட்டில் தூங்கும் ஒரே இரவு அது.
போனை அவன் முன்னால் நீட்டினேன்.
ஓரம் மங்கல். குறுக்கே ஒரு முடி,
என்னுடையதுதான், வடக்கயிறு மாதிரி.
காபிக் கோப்பை பாதி தூரத்தில் நின்றது.

இது சத்தம் போடுமா என்றான்.
எது?
இந்தப் பிராணி. மூச்சு விடுகிறதே.

காதருகே வைத்துக் கேட்டேன்.
கர்ர்ர். கொஞ்சம் இடைவெளி. கர்ர்ர்.
பக்கத்து அறைக் கதவு வழியே
ராத்திரி தூங்கிய வில்னிஸ்.
அந்தத் தாளத்துக்குச் சக்கரம் சுழல
தீனி உள்ளே உள்ளே இழுபடுகிறது.

அறுபத்தெட்டு யூரோ கேமராவுக்குக் காது கிடையாது.
ரசீதின் முதுகில்
அதைக் குறை என்று நான் எழுதவே இல்லை.

ஆமாம், கொஞ்சம் சத்தம் போடும் என்றேன்.
மேலங்கியை மாட்டிக்கொண்டேன்.
ஐந்து நாற்பதுக்கு முதல் டிராம்.