உட்பிரிவு உ

கோத்தகிரி கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் கடை,
பக்கத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
வக்கீல் தந்த தாளை அடிக்கிறேன்:
இனப்படுகொலை உடன்படிக்கை, இரண்டாம் பிரிவு.
கொல்லுதல், அது அ.
ஆ, இ, ஈ தாண்டி
உ-வில் விரல் நின்றுவிட்டது.
ஒரு குழுவின் பிள்ளைகளை
வலுக்கட்டாயமாக இன்னொரு குழுவிடம் மாற்றுதல்.

உண்டு உறைவிடப் பள்ளியில்
தாளின் தலையில் இதே உ போட்டுத்தான் எழுதுவோம்.
புதன் என்றால் முட்டை.
என்னைக் கீர்த்தனா ஆக்கிய வார்டன்
காய்ச்சலில் ராத்திரி முழுக்க
நெற்றிக்குத் துணி நனைத்துப் போட்டவர்.
எங்கள் குறும்பப் பேச்சில் ஓர் உயிர் உண்டு,
பன்னிரண்டில் சேராதது.
அதைச் சொன்ன வாயில் ஸ்கேல் விழும்.
தம்பி இருமுறை ஓடினான்,
இருமுறையும் ஜீப் பிடித்து வந்தது.
மூன்றாம் முறை ஜீப் மட்டும் வந்தது.

அழிக்கும் உள்நோக்கத்தோடு, என்று மேலே ஒரு வரி.
வார்டனுக்கு அது இருந்ததா சார்?
வக்கீல் டீயை ஆற்றினார்.
அதைத்தானே நிரூபிக்கணும், என்றார்.

கடைசிப் பக்கம் பிள்ளைகள் பட்டியல்.
பள்ளிப் பதிவேட்டில் தம்பி ஜெயக்குமார்.
அதையே அடித்தால் போதும் என்கிறார்.
அம்மா கூப்பிட்ட பேரில்
அந்த உயிர் இருக்கிறது.
கீபோர்டில் தேடிக்கொண்டிருக்கிறேன்.