எடைமேடையில் இருப்பவள்

மே பதினொன்று. ஏரியிலிருந்து வரும் காற்றில்
குளிர்காலத்தின் மிச்சம்.
நேற்றிரவு உறைபனி தொட்ட குருத்துகள்
வெந்த கீரையாய்த் துவண்டு கிடக்கின்றன.
எடைமேடை என்னுடையது.
பதினெட்டு மே மாதங்களாக
மிச்சிகனின் இந்த மூலையில்
அஸ்பாரகஸுக்கு எடை எழுதுகிறேன்.
காலிப்பெட்டியின் எடையைக் கழிக்க மறந்ததேயில்லை.
ஒருமுறை மறந்தேன். யாரும் கேட்கவில்லை.

முன்பெல்லாம் வண்டிகள் சாலைவரை நிற்கும்.
முப்பத்தொரு பண்ணைகள் என் நோட்டில்.
இப்போது பன்னிரண்டு.
ஒருவர் செர்ரிக்கு மாறினார்.
இரண்டு பேர் நிலத்தை
சோலார் தகடுகளுக்குக் குத்தகை விட்டார்கள்.
மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று
நோட்டில் எழுத இடமில்லை.

வெர்னன் ஹூக்ஸ்ட்ரா வருகிறார்.
எண்ணூற்று நாற்பது பவுண்டு.
"என்ன விலை?" தெரிந்துகொண்டே கேட்கிறார்.
சொல்கிறேன்.
தொப்பியைக் கழற்றி உள்ளே பார்க்கிறார்,
வேறு விலை அதற்குள் இருப்பதுபோல.

வெறும் மணல் இது.
நட்டுவிட்டு மூன்று வருடம்
களை எடு, வட்டி கட்டு, காத்திரு.
அதன்பிறகு ஒரு வெயில் நாளில்
காலையில் விரல், மறுநாள் சாண்.
இரண்டு நாள் ஒடிக்காமல் விட்டால்
தலையை விரித்துக்கொண்டு நிற்கும்.
நம் பொறுமையை முழுக்க வாங்கிக்கொண்டு
தனக்கென்று துளியும் வைத்துக்கொள்ளாத பயிர்.

பெருவில் அதற்குப் பாலைவனமே போதுமாம்.
பனி இல்லை. குழாய்த் தண்ணீர் நின்றால் உறக்கம்,
திறந்தால் விழிப்பு.
விமானம் ஏறி, குளிர்பெட்டிக்குள் படுத்து,
எங்களுக்கு முன்னால் கடை அலமாரியில்.
போன சனிக்கிழமை கிராண்ட் ராபிட்ஸில்
வெர்னனின் மனைவி லெட்டி பார்த்தாளாம்:
நீல ரப்பர் பட்டை போட்ட கட்டு,
ஒரு டாலர் தொண்ணூற்றெட்டு.
எங்கள் வயலிலிருந்து எழுபது மைல்,
அதன் வயலிலிருந்து நாலாயிரம்.
கோபத்தில் வாங்கி வந்து
வெண்ணெயில் வதக்கி வைத்தாளாம்.

"எப்படி இருந்தது?" கேட்டேன்.
எடைமுள் அசைவு நிற்கும்வரை பார்த்திருந்துவிட்டு,
"நன்றாகத்தான் இருந்தது" என்றார்.
இரண்டாம் தடவை போட்டுக்கொண்டதை
லெட்டிதான் எனக்குப் பிறகு சொன்னாள்.

பெட்டிகளை இறக்கும் எர்மெலிண்டா சிரிக்கிறாள்.
ஜனவரி முழுக்க அவள் சொனோராவில்,
கபோர்கா வயல்களில்,
நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு, இதே பயிர்.
"அங்கே கத்தியால் மண்ணுக்கடியில் வெட்டு,
இங்கே விரலால் ஒடி.
அங்கே ஒரு நாள் கூலி
இங்கே ஒன்றரை மணி நேரத்தில்.
எதோடு எது போட்டி போட்டால் என்ன,
இரண்டுக்கும் ஒரே முதுகு."
முதுகைத் தொட்டுக் காட்டுகிறாள்.
வெர்னனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அடுத்த வசந்தத்துக்கு
இருபது ஏக்கருக்கு வேர்க்கிழங்கு சொல்லி வைத்திருந்தார்.
என் மேஜை போனை எடுத்து
நாற்றுப்பண்ணையைக் கூப்பிட்டார்.
"ஏழு ஏக்கருக்குப் போதும்."
அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.
"ஆமாம், ஏழு. எண்ணத் தெரியும் எனக்கு."

ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.
பெட்டி எடையைக் கழிக்கவில்லை, வேண்டுமென்றே.
அவர் படித்துப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
திருத்தச் சொல்லி நீட்டினார்.

அடுத்த வண்டி ஹாரன் அடிக்கிறது.
முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்புகிறேன்.