கால்வாசிப் பிடி

மல்லாந்து படுங்க, என்றார் தௌலத் பானு.
முழங்காலை மடக்காம
வலது காலை ஒரு சாண் தூக்குங்க.

ஒரு சாண்தானே.
பெரியாரில் நகரும் பஸ்ஸை ஓடிப் பிடிக்கிற கால்.
விளக்குத்தூண் கடையில் பட்டுக் கட்டுகளோடு
மூன்று மாடி ஏறி இறங்குகிற கால்.
தூக்கினேன்.
சிமெண்ட் மூட்டை மாதிரிக் கிடந்தது.
முதுகு முடிந்து குழி விழும் இடத்தில்
யாரோ ஊசியைக் குத்தி முறித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் கை வைத்து
கீரைக்கட்டை இறுக்குவது போல
உள்நோக்கி அமுக்கினார்.
இப்பத் தூக்குங்க.

கால் எழுந்தது.
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு
அது பாட்டுக்கு எழுந்தது.
சிரித்தேன். பிறகு
காது வரை கண்ணீர் வழிவது தெரிந்தது.
இரண்டாவது பிள்ளை பிறந்து பதினோரு மாதம்;
வாயு என்றார்கள், சூடு என்றார்கள்,
ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள்,
வீட்டுக்காரர் மட்டும் நேராகவே கேட்டார்,
வேலைக்குப் போகப் பிடிக்கலையா என்று.

கால்ல கோளாறு இல்ல முத்துப்பேச்சி,
கால் மாட்டியிருக்கிற சட்டம் ஆடுது.
நான் பிடிச்ச பிடி உங்களுக்குள்ளயே இருக்கு.
நேரத்துக்கு வர மாட்டேங்குது, அவ்வளவுதான்.

புரிந்தது.
கண்டக்டர் விசில் ஊதும் முன்னே
டிரைவர் வண்டியை எடுத்துவிடுகிறார்.
படியில் ஒற்றைக் காலில் நிற்கிறவள் நான்.

அடிவயித்த எக்காதீங்க.
பாவாடை நாடாவுக்கும் தோலுக்கும் நடுவுல
ஒரு பில் பேப்பர் நுழையுற இடம் போதும்.
மூச்ச நிறுத்தக் கூடாது.
கீழ, ஒண்ணுக்கு அடக்குறப்போ பிடிப்பீங்கல்ல,
அந்தப் பிடி.

அடக்குவதா?
அதில் எனக்குப் பன்னிரண்டு வருஷ சர்வீஸ்.
காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை,
பாத்ரூமுக்கு இரண்டு முறை,
கோமதிநாயகம் சார் வாட்சைப் பார்ப்பார்.
ஆடித் தள்ளுபடியில் அந்த இரண்டும் கிடையாது.
பிடித்துக் காட்டினேன்,
தாடை வரை இறுகியது.

தௌலத் பானு தலையை ஆட்டினார்.
முழுப்பிடி உங்களுக்கு நல்லாத் தெரியுது.
கால்வாசிதான் தெரியல.
விடவும் தெரியல.

வில்லாபுரத்தில் ஒற்றை அறை.
பிள்ளைகள் தூங்கிய பின் பாயில்
இல்லாத ஒன்றைத் தேடுவது போலத்தான் இருந்தது.
தொடை வந்தது, புட்டம் வந்தது, பல் கடித்தது,
கூப்பிடாதவர்கள் எல்லோரும் வந்தார்கள்.
மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை
நாடாவுக்குக் கீழே
ஏதோ ஒன்று நூலளவு நகர்ந்தது.
பயந்து மூச்சை விட்டேன், போய்விட்டது.

பிறகு கடையிலேயே ஆரம்பித்தேன்.
எட்டு முழத்தை உதறும் முன் ஒரு தடவை,
ஸ்டூலில் கால் வைக்கும் முன் ஒரு தடவை.
மெரூன் இருக்கா, இந்த பார்டர்ல சின்னதா இருக்கா
என்று அவர்கள் கேட்கிற இடைவெளியில்.
என்னடி முணுமுணுக்கிற, என்றாள் பாண்டிச்செல்வி.
எண்ணுகிறேன் என்றேன்.
கேமராவுக்குத் தெரியாமல்
இந்தக் கடையில் நான் செய்கிற ஒரே வேலை.

போன ஞாயிறு முகூர்த்தக் கூட்டம்.
ஏழு மணிக்கெல்லாம் ஊசி திரும்பி வந்துவிட்டது.
சின்னவனை இடது இடுப்பில் வைக்காதீங்க என்றதையும்
மறந்திருந்தேன்.
முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து
சுவரைப் பார்த்துப் படுத்தேன்.

ராத்திரி எப்போதோ சின்னவன் சிணுங்கினான்.
தட்டிக் கொடுத்தேன்.
அவன் அடங்கி, தெருநாய்களும் அடங்கிய பிறகுதான்
உறைத்தது:
அவன் என் வலப்பக்கம் படுத்திருக்கிறான்.
நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

எப்போது திரும்பினேன்?