குறை நாற்பத்தொன்று

ஹாரிஸ்பர்க், மூன்றாம் தளம்.
ஜன்னலுக்குக் கீழே சஸ்குஹானா
பாதி உறைந்து, மீதி மனமில்லாமல் ஓடுகிறது.
என் மேசையில் காலீன் ப்ரெஸிக்.
ஆள் அல்ல, கோப்பு.

முதுகலைப் பட்டம் இருக்கிறது,
கல்லூரியே அனுப்பிய, ஒட்டுப் பிரியாத உறையில்.
தொண்ணூறு மணி நேரப் பாடம், சரி.
குற்றப் பின்னணி ஏதுமில்லை என்று போலீஸ் தாள்.
பிள்ளைகளைத் துன்புறுத்தியவர் பட்டியலில்
பேர் இல்லை என்று இன்னொரு தாள்.
ஒருத்தி நல்லவள் என்பதை
அவள் செய்யாதவற்றை வைத்துத்தான்
எங்களுக்குத் தெரியும்.

செய்ததற்கும் ஒரு கணக்கு உண்டு:
ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு
ஆயிரம் மணி நேரம்.
கூட்டினேன். தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது.
கீழிருந்து மேலாகக் கூட்டினேன்.
அப்போதும் அதே.

மிச்சம் நாற்பத்தொன்றும் இல்லாமல் இல்லை.
கடைசித் தாள்களில் ஒரு கோடைகாலமே கிடக்கிறது:

ஜூன் ஒன்பது, இரண்டு மணி நேரம், துணி வெளுக்கும் கடை.
இயந்திரம் சுற்றி நிற்கும்வரை பையன் எழவில்லை.
நானும் எழவில்லை.

ஜூன் பதினாறு, அதே கடை.
காசை அவனே போட்டான்.
பிறகு என் காசையும் கேட்டான். கேட்டான்!

ஆச்சரியக்குறியைப் படிவத்தில் போடக் கூடாது.
அதைவிடப் பெரிய குறை:
மேற்பார்வையாளர் கையெழுத்துக்கான கோடு
எல்லாத் தாளிலும் வெறுமை.
ஓரத்தில் பென்சிலால்,
டாக்டர் மெக்கானிக்கல் ஜூன் நான்காம் தேதி இறந்துவிட்டார் என்று எழுதி,
பெயரை அடித்து, மெக்கன்டில் என்று திருத்தியிருந்தாள்.
அழுதுகொண்டே எழுதியிருக்க வேண்டும்,
அல்லது பேருந்தில்.
புதியவர் வந்தது செப்டம்பரில்.
இடைப்பட்ட நாட்களில் பையனிடம்
போய் வராதே என்று யாரும் சொல்லவில்லை.
போனது கணக்கில் வராது என்றும் சொல்லவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
என் மகன் லைலுக்கு ஆறு வயது.
காத்திருப்போர் பட்டியலில் பதினான்கு மாதம்.
போன செவ்வாய் கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள்:
ஒருவர் சேரப்போகிறார், உரிமம் வந்ததும் உங்களுக்குத்தான்.
பேர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
ஆனால் கோப்பின் முதல் பக்கத்தில்
வேலை தருபவரின் தொலைபேசி எண்
எனக்கு மனப்பாடம்.

ஒரு மணிக்கும் ஏழு மணிக்கும்
ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம்.
பேனா கையில்தான் இருந்தது.

இரண்டாவது இழுப்பறையில் ஒரு பழைய புகார் கிடக்கிறது.
நடத்தை நிபுணர் என்று தானே அச்சடித்துக்கொண்ட ஒருவன்
ஏழு வயதுப் பிள்ளையைக் கம்பளத்தில் குப்புற அழுத்தினான்.
நாற்பது நிமிடம்.
பிறகு, வெற்றி என்ற கட்டத்தின் கீழ்
அடங்கினான் என்று எழுதினான்.
அந்தச் சொல்லைப் படித்த நாளிலிருந்து
யாருடைய அரை மணியையும்
நான் ஒரு மணி ஆக்கியதில்லை.
என் பிள்ளைக்கு என்றால் மட்டும்?

விதி தெளிவாகத்தான் இருக்கிறது:
சொந்த விஷயம் கலந்தால் அடுத்த மேசைக்கு.
கோப்பை வெர்னன் ஹாஸ்லரிடம் கொடுத்தேன்.
என்ன காரணம் என்றார்.
சொன்னேன்.
கண்ணாடியைத் துடைத்தார், நேரம் எடுத்து.
வெர்னன் நியாயமானவர்.
கூட்டலில் தவறே விடமாட்டார்.
அதுதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

வீட்டில் நல்ல இயந்திரம் இருக்கிறது.
என்றாலும் அன்று மாலை
உலர்ந்த துண்டுகள் இரண்டை எடுத்துக்கொண்டு
லைலைத் துணி வெளுக்கும் கடைக்குக் கூட்டிப்போனேன்.
வட்டக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தான்.
விரல்கள் மட்டும் துண்டுகளோடு சுற்றின.
நிறுத்து என்று சொல்ல வாய் வந்தது.
சொல்லவில்லை.
சில்லறை தீர்ந்ததும்
தாளை மாற்றி வந்தேன்.

ஆறரை முதல் எட்டரை வரை.
கையெழுத்துப் போட யாருமில்லை.