மூன்றாம் வேற்றுமை

எகிப்துக்கும் அசீரியாவுக்கும் நடுவே
பெருந்தெரு ஒன்று திறக்கும் என்றார் தீர்க்கர்.
சரி, கண்டி வீதி திறந்துதான் கிடக்கிறது.
இடறுவது அடுத்த வரி.

எபிரேயத்தில் இரண்டே எழுத்துச் சொல்.
'ஐ' என்றும் கொள்ளலாம், 'ஓடு' என்றும்:
எகிப்தியர் அசீரியரைச் சேவிப்பர்;
அசீரியரோடு சேவிப்பர்.

முதலாவது எனக்கு விளங்கும்.
நாவற்குழிச் சாவடியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு
தொப்பி கழற்றி நடந்தவன் நான்.

ஞாயிறு, சுண்டிக்குளி, கடைசி வாங்கில்
விஜேகோன். முன்பு கோப்ரல், இப்போது டயர்க்கடை.
நகக்கண்ணில் கிரீஸ்.
பாட்டுப் புத்தகத்தில் எண் மட்டும்தான்
அவனுக்கு வாசிக்க வரும்.

நான் ஒன்றையும் மன்னிக்கவில்லை.
வரியைத் தவறவிட்டு விழித்தான்.
விரலால் தொட்டுக் காட்ட
பக்கத்தில் போய் நிற்கத்தானே வேண்டும்.