தாமதமாகச் சமர்ப்பித்த கட்டுரை

செவ்வாய் இரவு எட்டு மணிக்கு வகுப்பு.
கெயுவே தீவில் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று:
கல்லறைத் தோட்டத்து மேட்டில்,
மிலலோன்கோ குடும்பத்துச் சிலுவைக்கும் வேலிக்கும் நடுவே,
மூன்றடி அகலம்.
சிப்பிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவேன்.
மழைக்கு என்மேல் தார்ப்பாய்,
கைப்பேசிமேல் என் கம்பளித் தொப்பி.

பொதுநிலையினருக்கான இறையியல் சான்றிதழ், முதலாண்டு.
இருபத்தாறு சின்னச் சதுரங்கள்; பாதி கறுப்பு.
லோட்டாவிலிருந்து ஒரு பேருந்து ஓட்டுநர்,
பாலைவனத்துச் சுரங்கத்திலிருந்து இருவர்,
வெங்காயம் நறுக்கியபடியே
தூய ஆவி பற்றிக் கேள்வி கேட்கும் ஹெரால்தினா.
எத்தனை முறை கழுவினாலும்
என் விரலில் சிப்பி வாடை போவதில்லை.
நல்லவேளை, அது திரையில் தெரியாது.

எங்கள் ஊரில் என் பதவிக்குப் பிஸ்கால் என்று பெயர்.
சாமியார் வருடத்துக்கு இரண்டு முறை படகில் வருவார்;
பூசை, திருமுழுக்கு, திருமணம் எல்லாம் ஒரே பிற்பகலில்.
மற்ற முந்நூற்று அறுபத்து மூன்று நாளும்
ஆலயத்துச் சாவி என் கழுத்தில்.
மணி அடிப்பது, செபமாலை சொல்வது,
கூரையில் பெயர்ந்த மரவோட்டுக்கு ஆள் தேடுவது,
செத்தவரை வழியனுப்புவது.
இதையெல்லாம் யாரும் எனக்குப் பாடமாகச் சொன்னதில்லை.
அதனால்தான் சேர்ந்தேன், டாக்டர் உர்ரெஹோலா.

ஏழாம் பாடம் யோபு.
"துன்புறுகிறவரிடம் நாம் சொல்லவே கூடாத சொல்..."
என்றபோது மேற்கிலிருந்து காற்று வந்தது.
உங்கள் வாய் திறந்தபடி நின்றது.
வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.
அந்தச் சொல் எது என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

வியாழன் விடியலில் ஓஸியல் ரெமோல்கோயின் படகு
வலை பாதி இழுத்த நிலையில்
ஆளில்லாமல் ஒதுங்கியது.
உடல் இல்லாத வீட்டில் ஒன்பது இரவு செபம்.
மேசையில் அவர் சட்டையை மடித்து வைத்து
சுற்றிலும் மெழுகுவர்த்தி.
எதெல்வினா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
படிக்கிறவளாயிற்றே, ஏதாவது சொல்வாள் என்று.

நான் எதையும் சொல்லவில்லை, டாக்டர்.
வாயில் வருவது அந்தச் சொல்லாகவே இருந்துவிட்டால்?
'கடவுளின் சித்தம்' நாக்கு நுனிவரை வந்தது; விழுங்கினேன்.
'நல்ல இடத்தில் இருப்பார்': எந்த இடம்?
கடல்தானே அவள் ஜன்னலுக்கு வெளியே கிடக்கிறது.
கடைசியில் உருளைக்கிழங்கு உரித்தேன்.
முதல் இரவு நாற்பது பேர், மூன்றாம் இரவு எழுபது;
வந்தவர்களுக்குச் சோறு வேண்டுமே.
ஐந்தாம் இரவு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து
இன்னொரு கத்தியை எடுத்தாள்.
தோலைத் தடியாகச் சீவுகிறாய், பாதிக் கிழங்கு வீண்
என்று திட்டினாள்.
அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

ஒன்பதாம் இரவு, ஆலயத்தில்,
ஆழம் என்ற சொல் வரும் திருப்பாடலில்
என் குரல் நின்றுவிட்டது.
பின்வரிசை மீனவர்கள் தொப்பியைக் கையில் பிசைந்தபடி
அந்த வரியை முடித்தார்கள்,
ஆளுக்கொரு வேகத்தில்.

கட்டுரை எண்ணூறு சொல் என்றீர்கள்,
நான்கு அடிக்குறிப்பு என்றீர்கள்.
என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது:
யோபுவின் நண்பர்கள் ஏழு நாள்
தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.
அதுவரை சரியாகத்தான் இருந்திருக்கிறார்கள்.
அப்புறம் பேசத் தொடங்கினார்கள்.

மதிப்பெண் குறைப்பதானால் குறையுங்கள்.
பதினோரு நாள் தாமதம், தெரியும்.
இன்று அனுப்ப வந்தால்
வேலியோரம் ஓஸியலின் சிலுவையை நட்டிருக்கிறார்கள்,
கீழே வெறும் சட்டை.
மூன்றடி இப்போது ஒன்றரை; கூடை அடங்கவில்லை.
தண்ணீர் ஊற்ற வந்த எதெல்வினா
என்னைப் பார்த்து, கைப்பேசியைப் பார்த்து,
சாய்ந்து உட்காரு என்றாள்,
அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.